மாற்றித் தூக்கும் கை

முன்பள்ளிகளைப் பார்க்கிற அதிகாரி வந்திருந்தார். ரீச்சர் இருந்தா. பிள்ளைகளின் தாய்மார் வந்திருந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற தகப்பன் ஒருவரும் வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். பிள்ளைகள் பத்தொன்பது பேர். குசினி வாசலில் நான்.

என் வேலை கூட்டுவது, இலைக்கஞ்சி காய்ச்சுவது, கோப்பை கழுவுவது. பிள்ளைகளோடு பாடுவது என் வேலையில் இல்லை. ரீச்சருக்கு எழுத்து வேலை அதிகம். அதனால் காலையில் நான் பாடினேன். பதினொரு வருடம் பாடினேன்.

பாட்டும் நானே கட்டியதுதான்.

வலக்கை தூக்கு, வள்ளம் வருது.
இடக்கை தூக்கு, வலையை இழு.
காலைத் தட்டு, கரைக்கு வா.
காதைப் பொத்து, கப்பல் ஊதுது.

துறைமுகத்தில் கப்பல் ஊதினால் எங்கள் முற்றத்தில் கேட்கும். பாடாத நேரத்திலும் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு எதிரில் நின்று பழக்குகிறவர் கையை மாற்றித் தூக்க வேண்டும். வலக்கை என்று பாடி நான் என் இடக்கையைத் தூக்குவேன். பிள்ளைகள் அதற்கு நேரே இருக்கிற தங்கள் கையைத் தூக்குவார்கள். அது அவர்களுக்கு வலக்கை. இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நின்று நின்று தெரிந்துகொண்டேன்.

அந்த வருடம் உதவி ஆசிரியை இடம் ஒன்று இருந்தது. நான் எட்டாம் வகுப்பு. ஆனாலும் வேலை தெரிந்தவர் என்று ரீச்சர் கடிதம் தந்தால் எடுப்பார்கள் என்றார்கள். ரீச்சர் கடிதத்தை எழுதி அலுமாரியில் வைத்திருந்தா. எனக்கு வாசித்தும் காட்டினா. அதிகாரி வருகிற அன்று கொடுப்பதாகச் சொன்னா.

அன்று காலை ரீச்சர் புதுச் சீலை உடுத்திக்கொண்டு வந்தா.

"அன்ரி, இண்டைக்கு முன்னுக்கு நான் நிக்கிறன். நீங்கள் கஞ்சியைப் பாருங்கோ."

"ஓம்" என்றேன்.

ரீச்சருக்குப் பாட்டு மனப்பாடம். எழுதிக்கொண்டே தினமும் கேட்டவதானே. என் கையைத்தான் பார்க்கவில்லை. வலக்கை தூக்கு என்று பாடித் தன் வலக்கையைத் தூக்கினா. பத்தொன்பது பிள்ளைகளும் நேரே இருந்த கையைத் தூக்கினார்கள். எல்லாம் இடக்கை. அடுத்த வரியில் எல்லாம் வலக்கை.

"எங்கட பிள்ளையள் முழுக்க இடக்கையாலதான் சாப்பிடப் போகுதுகள் போல!" என்றார் மூட்டை தூக்குகிறவர். தாய்மார் சிரித்தார்கள்.

அதிகாரி சிரிக்கவில்லை. "என்ன ரீச்சர், வலம் இடம் தெரியாதோ பிள்ளையளுக்கு?"

"அன்ரிதான், சேர், பழக்கினவ. அவ பெரிசாப் படிக்கேல்ல."

அதிகாரி குசினிப் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்கட வலக்கை எது? காட்டுங்கோ பாப்பம்."

கரண்டி பிடித்திருந்த கையைக் காட்டினேன். கஞ்சி முழங்கை வரை வழிந்தது.

"அது தெரியுது. பிறகேன் பிள்ளையளுக்குப் பிழையாப் பழக்கினீங்கள்?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் பிழை ரீச்சருடையதாகிவிடும். கடிதம் அவவின் அலுமாரியில் இருந்தது. திரும்பிக் கஞ்சியைக் கிண்டினேன்.

அதிகாரி கதிரையை விட்டு எழும்பும்வரை அலுமாரியையே பார்த்தேன். ரீச்சர் அதைத் திறக்கவில்லை.

பிறகு கடிதத்தைக் கேட்டேன். "இந்த நிலமையில எப்பிடிக் குடுக்கிறது அன்ரி? நீங்களே சொல்லுங்கோ" என்றா.

அடுத்த மாதம் சான்றிதழோடு ஒரு பிள்ளை உதவி ஆசிரியையாக வந்தா. நல்ல பிள்ளை. போனில் பாட்டுப் போட்டு ஆடுகிறா. என்னை இனிப் பாட வேண்டாம் என்று ரீச்சர் சொல்லிவிட்டா. ஒரு சின்னது மட்டும் கொஞ்ச நாள் குசினி வாசலுக்கு வந்து, "அன்ரி, வள்ளம் வருது பாடுங்கோ" என்று நின்றது. "ஏலாது ராசாத்தி, போய் இருங்கோ" என்று அனுப்பினேன்.

தை மாதம் பெரிய பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்குப் போனார்கள். பழைய பிள்ளைகளில் ஆறு பேர்தான் மிஞ்சினார்கள். புதுப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பாட்டுத் தெரியாது.

நேற்றுக் காலை துறைமுகத்தில் கப்பல் ஊதியது. கோப்பையை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தேன்.

காதைப் பொத்திய பிள்ளைகள் ஆறு.