ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கேட்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும் குழாய்க்கு நடுவில் ஒரு கீல் இருக்கிறது. தென்மேற்குக் காற்று வலுத்து அடித்தால் குழாயின் முன்பாதி கதவு மாதிரி வெளிப்பக்கம் திறந்துகொள்ளும். காற்று தணிந்ததும் தானே திரும்பி வந்து நேராக நிற்கும். அதற்குள் அப்பாவின் லுங்கி பக்கத்து வீட்டுப் பாக்கு மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். "அந்தக் கீலப் புடுங்கிப் போடுன்னு எத்தன தடவ சொல்லுதேன்" என்று அம்மா கத்துவாள். நானும் ஒவ்வொரு தடவையும் சரி என்பேன். புடுங்க மாட்டேன். குழாய் முழுக்க நீலமும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகப் பெயிண்ட்; அப்பாவின் டுங்கிப் படகுக்கு அடித்ததில் மிஞ்சியது. வீட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து என்ன இது என்பார்கள். லெவல் கிராஸிங் கேட் என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கத்தான் செய்வார்கள், அந்தமானில் ரயிலே கிடையாது.

கேட்டை வடிவமைத்தவள் என் மதினி, அண்ணன் மனைவி. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் தண்டவாளத்தை ஒட்டிய கிராமத்தில் பிறந்தவள். ரயில் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று கல்யாணமாகி வந்த புதிதில் சொல்வாளாம். ஃபீனிக்ஸ் பேயில் கப்பல் சங்கு ஊதினால் அண்ணன் "இந்தா, உன் எக்ஸ்பிரஸ் வந்திருச்சு, தூங்கு" என்று கிண்டல் பண்ணுவான். மெயின்லேண்டில் ரயில்வே கேட் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் படம் வரைகிற வேலையில் இருந்தாள். அந்த வேலையையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் எங்கள் வீட்டு முன்னறையில், திருஇருதயப் படத்துக்குக் கீழே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, எங்கோ கரிசல் காட்டில் ஓடுகிற ரயில்களுக்குக் கேட் வரைந்துகொண்டிருந்தாள். மழை வந்தால் நெட் போய்விடும். எங்கள் ஊரில் மழை வராத நாளை விரல் விட்டு எண்ணலாம்.

நான் அப்போது பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் அந்தக் கேட்டைப் பார்த்ததும் எனக்குப் பித்துப் பிடித்துக்கொண்டது. எதிர் எடை, திருப்புவிசை, தூக்கும் கோணம் என்று நான் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணியதெல்லாம் அங்கே இரும்பாகிக்கொண்டிருந்தது! உலகத்தில் இருக்கிற கேட்டையெல்லாம் ஃபோனில் தேடிப் பார்த்துவிட்டு மதினிக்கே பாடம் எடுக்க ஆரம்பித்தேன். அவள் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டாள்.

"ஏட்டி, நீ ரயில நேர்ல பாத்திருக்கியா?"

"வீடியோல பாத்திருக்கேன் மைனி."

"அப்ப வாய மூடிட்டு அந்த டேப்போட நுனியப் புடி."

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு முதன்முதலாகத் தனியாக ஒரு கேட் கொடுத்திருந்தார்கள். ஒரு சிமெண்ட் ஆலைக்குப் போகும் தனி ரயில்பாதை, கிராமத்துச் சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. கேட் கீப்பர் கிடையாது. சரக்கு ரயில் நெருங்கும்போது இரண்டு பக்கத்துக் கம்பமும் தானாக இறங்க வேண்டும், போனதும் தானாக ஏற வேண்டும். கம்பெனி முதலாளி பேச்சை நீட்டுகிறவர் இல்லை. "இது நல்லா வந்தா நீ அங்கேருந்தே பாரும்மா. வரலன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார். போர்ட் பிளேரில் எந்த வேலைக்கும் ஆள் தேவைப்படும்; ரயில்வே கேட் வடிவமைக்கத் தேவைப்படாது. அண்ணனுக்கோ ஃபீனிக்ஸ் பேயில் கப்பல் பழுது பார்க்கிற வேலை. இந்தக் கேட் போனால் மதினியின் படிப்பும் கையும் வேறு எதற்காவது திரும்பியாக வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கம்ப்யூட்டரில் பார்த்தது போதாது, ஆட்கள் நடந்து பார்க்க வேண்டும் என்றாள் மதினி. எங்கள் தெரு மேட்டில் ஏறுகிற சின்னத் தெரு. அதன் குறுக்கே இரண்டு பி.வி.சி. குழாய்களை இரண்டு கம்பங்களாக நிறுத்தினோம். அடிப்பக்கம் மணல் மூட்டை, எதிர் எடைக்கு. கீழே குனிந்து நுழையாமலிருக்க அப்பாவின் பழைய வலையைப் பாவாடை மாதிரி தொங்கவிட்டோம். நடுவில் சுண்ணாம்புக்கட்டியால் நான் போட்ட தண்டவாளம். ஒரு பக்கக் கயிறு அண்ணன் கையில், மறுபக்கக் கயிறு என் கையில்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தெருவே வந்தது. கம்பம் இறங்கியது. அவ்வளவுதான், எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். வரிசையாக! மேட்டு வீட்டு மலையாளி மாமா ஸ்கூட்டரை அணைத்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்மணியை நாங்கள் பௌதி என்றுதான் கூப்பிடுவோம், அவர்கள் மொழியில் அண்ணன் மனைவி. அந்தப் பௌதி வரிசையில் தன் கூடையை இடம் பிடிக்க வைத்துவிட்டுத் நிம்மதியாக நிழலில் போய் நின்றாள். ஒருவர்கூடக் குனியவில்லை, ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. கம்பம் ஏறியதும் ஒழுங்காகக் கடந்துபோனார்கள். அண்ணன் கயிற்றை விட்டுவிட்டுக் கை தட்டினான்.

"பஸ், ஹோ கயா! ஜோலி முடிஞ்சுது, நூத்துக்கு நூறு. அனுப்பிரு."

மதினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்த அனுப்ப? இவுக கேட்டப் பாத்தா நின்னாவ? கப்பலுக்குல்லா நின்னாவ."

எனக்குச் சுரீரென்றது. தீவில் பிறந்தவர்களுக்குக் குறுக்கே கம்பு விழுந்தால் அது படகுத்துறை ஜெட்டிதான். கம்பு விழுந்தால் நமக்கான ஃபெரி வருகிறது, நின்றால் ஏறிக்கொள்ளலாம் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து உடம்பில் ஊறிய பழக்கம். மதினியின் ஊரிலோ கம்பு விழுந்தால்தான் ஆளுக்கு அவசரமே வரும். மாட்டுவண்டிக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளை, கல்யாண வீட்டுக்குப் போகிறவர், எல்லோருக்கும் ரயிலுக்கு முந்தி போய்விட வேண்டும். உலகத்திலேயே அடக்கமான ஜனங்களை வைத்து ஒரு கேட்டைச் சோதித்துவிட்டு நாங்கள் கை தட்டிக்கொண்டிருந்தோம்.

"ஒங்க ஆளுக எப்பந்தான் ஓடுவாவ?" என்று மதினி கேட்டாள்.

"கடைசி ஃபெரிக்கு" என்றேன். யோசிக்காமலே வந்த பதில். சாத்தம் ஜெட்டியிலிருந்து எதிர்க்கரை பாம்பூஃபிளாட்டுக்குக் கிளம்பும் கடைசி வாகன ஃபெரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வரிசையெல்லாம் எங்கே போகும் என்று.

அடுத்த ஞாயிறு மேட்டுக்கு மேலே கடைசி ஃபெரி நின்றது. அதாவது அப்பா, கையில் விசில், முன்னால் ஒரு அண்டா நிறைய சூடான இறால் வடை. விசில் ஊதினால் ஃபெரி கிளம்புகிறது. முதலில் வருகிறவர்களுக்குத்தான் வடை, பிந்தினால் மணம் மட்டும். விசில் ஊதியது. தெரு கிளம்பி ஓடியது பாருங்கள்! மலையாளி மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வலைக்குக் கீழே படுத்து உருண்டார். கம்பம் இறங்க இறங்கப் பிள்ளைகள் நழுவினார்கள். மதினிக்கு முகமெல்லாம் வெளிச்சம், "இது எங்க ஊரு! இது எங்க ஊரு!" என்று கத்திக்கொண்டே வலை எங்கே தூக்குகிறது, எங்கே இடைவெளி என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பௌதி ஸ்கூட்டரில் வந்தாள். இறங்கிக்கொண்டிருந்த முதல் கம்பத்துக்கு அடியில் தலையைக் குனிந்து உள்ளே புகுந்துவிட்டாள். இரண்டாவது கம்பம் அவளுக்கு முன்னால் இறங்கியது. முதலாவது பின்னால் இறங்கிவிட்டது. ஸ்கூட்டரும் பௌதியும் சுண்ணாம்புத் தண்டவாளத்தின் மேல். ஹார்ன் அடித்தாள். முன் சக்கரத்தால் கம்பத்தை முட்டினாள். கம்பம் அசையவில்லை, அசையாமலிருக்கத்தானே நாங்கள் அப்படிக் கட்டியிருந்தோம்.

"அரே, மே தோ ஃபஸ் கயீ! மாட்டிக்கிட்டேன் பாபா, வடைய வையுங்க எனக்கு!" என்று அவள் கத்த, தெருவே சிரித்தது. நானும்தான்.

மதினி சிரிக்கவில்லை. நடந்துபோய் பௌதியின் பக்கத்தில், சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்றாள். கோடு போய் முடிகிற பக்கம் திரும்பிப் பார்த்தாள், ரயில் அங்கிருந்துதான் வரும் என்கிற மாதிரி.

"ஏட்டி, இப்ப வண்டி வந்தா?"

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பௌதிக்குத் தமிழ் அரைகுறைதான், ஆனால் அவளும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அதுவரைக்கும் எங்கள் கவனமெல்லாம் வெளியே நிற்கிறவர்களைத் தடுப்பதில்தான் இருந்தது. ஜெட்டிக் கேட்டுக்கு அப்பால் கடல். அங்கே யாரும் உள்ளே மாட்டிக்கொள்ள முடியாது, அதனால் கேட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. மதினியின் ஊரில் கேட் கீப்பர் இருந்தார். எவனாவது நடுவில் மாட்டினால் திட்டிக்கொண்டே தூக்கிவிடுவார், அதனால் அவளுக்கும் தோன்றவில்லை. இந்தக் கேட்டிலோ திட்டுவதற்கும் ஆள் இல்லை, தூக்குவதற்கும் ஆள் இல்லை.

படம் மறுநாள் அனுப்ப வேண்டியது. மதினி முதலாளிக்கு ஃபோன் போட்டாள். லைன் சரியில்லாததால் ஃபோனை ஜன்னலில் வைத்து ஸ்பீக்கரில் பேசினாள். உள்ளேயிருந்து தள்ளினால் கம்பம் திறக்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்றாள்.

"தள்ளினா தொறக்கும்னா கேட் எதுக்கும்மா? வெளியேருந்தும் இடிச்சுத் தள்ளிட்டுப் போவான்."

"வெளியேருந்து தள்ளினா தொறக்காது சார். ஒரு பக்கந்தான்."

"முதல்ல இருக்கறத அனுப்பு. பிறகு பாத்துக்கலாம்."

அறையில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"அனுப்ப மாட்டேன் சார்" என்றாள் மதினி. குரல் ஒன்றும் உயரவில்லை. "வேற ஆளப் பாக்கணும்னா பாத்துக்கோங்க. ஆனா அவுககிட்டயும் இதச் சொல்லிருங்க."

லைன் போய்விட்டது என்றே நினைத்தோம். பிறகு, "ஒரு வாரம்" என்று வந்தது.

அந்த வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் காலில் சக்கரம் கட்டின மாதிரி இருக்கும். குழாயை நடுவில் அறுத்தோம். அலமாரிக் கதவின் கீலைக் கழற்றி மாட்டினோம். அம்மாவின் அலமாரி இன்றும் ஒரு கதவோடுதான் நிற்கிறது. தண்டவாளத்தை நோக்கிய பக்கம் ஒரு தகட்டுத் தடை வைத்தோம், வெளியேயிருந்து எவ்வளவு தள்ளினாலும் மடங்காது. உள்ளேயிருந்து தள்ளினால் முன்பாதி மட்டும் வெளியே திறந்து, ஸ்பிரிங்கால் தானே திரும்பும். ஸ்பிரிங் இளகலாக இருந்தால் எங்கள் மழைக்காற்றுக்குக் கம்பம் தானாகப் படபடவென்று அடித்துக்கொண்டது. இறுக்கினால் அம்மாவால் தள்ள முடியவில்லை. "காத்துக்குத் தொறக்கக் கூடாது, அத்தைக்குத் தொறக்கணும்" என்று மதினி ஒரு விதி வைத்தாள். கணக்கை நான் போட்டேன், அவள் ஸ்பிரிங்கை மாற்றினாள், அம்மா தள்ளினாள். மாவு பிசைந்த கையோடு தள்ளினாள், குடத்தோடு தள்ளினாள், முதுகால் தள்ளினாள், கடைசியில் சலித்துப்போய் ஒரு குத்து விட்டாள். அந்தக் குத்துக்கும் ஸ்பிரிங் தாங்கியது.

கடைசி நாள் வீடியோவில் முதலாளி பார்க்க, பௌதி மறுபடியும் ஸ்கூட்டரில் உள்ளே புகுந்தாள். இரண்டு கம்பமும் இறங்கின. அவள் வேகத்தைக் குறைக்கவே இல்லை. முன் சக்கரம் தொட்டதும் கம்பம் விலகி வழிவிட்டு, பின்னாலேயே மூடிக்கொண்டது. பௌதி மேட்டுக்குப் போய்ச் சேர்ந்து கையை ஆட்டினாள்.

"யாரும்மா அந்த அம்மா?"

"எங்க டெஸ்டிங் இன்ஜினியர் சார்" என்றாள் மதினி, சிரிக்காமல்.

இப்போது மதினி அந்தக் கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவையே பார்த்துக்கொள்கிறாள். நேரில் வந்து நடத்தச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அண்ணன் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை தேடிக்கொண்டு அவள் பின்னால் போனான். எங்கள் குடும்பத்தில் மனைவியின் வேலைக்காக ஊர் மாறிய முதல் ஆண் அவன். அப்பா இதை மாதா கோயில் வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்கிறார், ஏதோ தானே வரைந்த கேட் மாதிரி. நான் மரைன் ஹில்லில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன்.

போன விடுமுறைக்குக் கப்பலேறிப் போனேன். மதினி அந்தக் கிராமத்துச் சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கரிசல் காடு, வெயில், சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு கம்பங்கள். நான் வீட்டில் பார்த்த கேட்தான், இரும்பில். மணி அடித்தது, கம்பங்கள் இறங்கின, மதினி சொன்ன மாதிரியே அத்தனை பேருக்கும் அவசரம் வந்தது. புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட்டில் ஒரு பெண் கடைசி நொடியில் உள்ளே புகுந்தாள். மதினி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் நிற்கவில்லை, பதறவில்லை. சக்கரத்தால் தள்ளினாள், கம்பம் விலகியது, போய்விட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாளே தவிரத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பம் மூடிய பிறகு, கொஞ்சம் கழித்து, ரயில் வந்தது. நான் நேரில் பார்த்த முதல் சரக்கு ரயில். அதன் நீளத்தையும் அது நிலத்தை உலுக்கியதையும் பார்த்த பிறகுதான், தெருவில் சுண்ணாம்பால் நான் இழுத்த அந்த இரண்டு கோடு என்ன என்று எனக்குப் புரிந்தது.

"ஸ்பிரிங் நல்லாருக்கு" என்றாள் மதினி. அவ்வளவுதான். மணிக்கட்டை விட்ட இடத்தில் அவள் விரல் பதிந்திருந்தது.

நேற்றும் காற்று. அம்மாவின் கத்தல் கேட்டு மாடிக்கு ஓடினேன். அப்பாவின் லுங்கி பாக்கு மரத்தில். ஸ்பிரிங்கில் துருவேறிவிட்டது, இந்தக் காற்றுக்கே திறந்துகொள்கிறது. கீலைப் புடுங்கச் சொல்லி அம்மா ஸ்க்ரூ டிரைவரையே என் கையில் கொடுத்தனுப்பியிருந்தாள். நான் கீலுக்கு எண்ணெய் விட்டேன், புது ஸ்பிரிங் ஒன்றை மாட்டினேன். பிறகு அந்தப் பழைய கேட்டின் உட்பக்கம், தண்டவாளம் இருந்திருக்க வேண்டிய பக்கம் போய் நின்று ஒரு கையால் தள்ளிப் பார்த்தேன். திறந்தது.