பொக்காராவில் எங்களுக்கு மட்டும் இல்லாத கட்டில்

ஈரக் கம்பளி வாசனையும் மண்ணெண்ணெய் ஸ்டவ் புகையும் சேர்ந்து அடித்தால் எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கும்...

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜனவரி. நேபாளத்தில் பொக்காரா. ஏரிக்கரையில் அந்த வாசனை அடித்த ஒரு லாட்ஜ். அதன் வாசலில் குளிரில் நடுங்கிக்கொண்டு நானும் மல்லிகாவும்.

நாங்கள் இருவரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனி, ஒரே பெஞ்ச். ரப்பர் வாஷரைக் கையிலெடுத்து ஓரம் பிசிறாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அவள் குமணன்சாவடி, நான் நெமிலிச்சேரி. அந்த வருஷம் பொங்கலோடு சேர்த்து, மெஷின் ரிப்பேருக்காகக் கம்பெனியைப் பதினைந்து நாள் மூடினார்கள்.

"ஊட்ல குந்திகினு இன்னா பண்ணப் போற? வா, வெளிநாடு போலாம்" என்றாள் மல்லிகா.

நேபாளத்துக்கு பாஸ்போர்ட் வேண்டாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வீட்டில் கம்பெனி டூர் என்று பொய் சொன்னோம். ஆவடியில் ஆளுக்கொரு பழைய பட்டாளத்துப் பை வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டோம். இரண்டு நாளுக்கு மேல் ரயில், கோரக்பூரிலிருந்து பஸ், அப்புறம் எல்லையை நடந்தே தாண்டினோம். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு தோரண வளைவு, கீழே ஒரு போலீஸ்காரர்... அவ்வளவுதான்.

தாண்டியதும் மல்லிகா நடுரோட்டில் நின்று, "ஏய்... நாம ஃபாரின்ல கீறோம்டி!" என்று கத்தினாள். இரண்டு பேரும் அப்படிச் சிரித்தோம்.

பொக்காரா பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பையன். அவனும் முதுகில் பையோடு ஊர் சுற்றுகிறவன். எங்கள் முறுக்கில் பாதி டப்பாவை அவனே காலி செய்தான். எங்கள் கம்பெனியைப் பற்றி விடாமல் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பொக்காராவில் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அவன் போன லாட்ஜுக்கே நாங்களும் போனோம். டார்மிட்டரியில் கட்டில் காலி என்று வாசலில் போர்டு. அவனுக்கு உடனே சாவி கொடுத்த மேனேஜர், எங்களைப் பார்த்ததும், "இண்டியன்?" என்றான்.

சிரித்துக்கொண்டே ஆமாம் என்றோம்.

"டார்மிட்டரி ஒன்லி ஃபார் ஃபாரினர்ஸ்."

"வி ஆல்சோ ஃபாரினர்ஸ் ஹியர்" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

அவன் சிரித்தான். இந்தியர்கள் கும்பலாக வந்து சத்தம் போடுவார்களாம், மற்ற கெஸ்ட்டுகளுக்குத் தொந்தரவாம். அப்புறம் எங்களை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்து, "டூ லேடீஸ்... நோ ஹஸ்பண்ட்?" என்றான்.

அந்தப் பார்வை இருக்கிறதே... அதை இன்றைக்கு வரைக்கும் நான் மன்னிக்கவில்லை.

உள்ளே மேஜையில் ஏழெட்டுப் பேர் சூப் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். எங்கள் முறுக்கைத் தின்றவனும் இருந்தான். உதவிக்கு வருவான் என்று பார்த்தேன். "அது இவங்க ரூல், மனசுல வெச்சுக்காதீங்க" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு சூப்புக்குத் திரும்பிவிட்டான். எங்களைப் பற்றி அவ்வளவு எழுதினானே, இதை எழுதினானா?

மல்லிகாவுக்கு வந்ததே கோபம். "இன்னா ரூலு? யாரு போட்ட ரூலு? உன் ஊரைப் பாக்க மூணு நாளா உக்காந்து வந்துகீறோம். எங்களப் பாத்தா உனக்கு எப்டி கீது?" பச்சைத் தமிழில் அந்த லாட்ஜே அதிர்ந்தது.

அப்போது மாடிப்படியில் ஒருத்தி வேகமாக இறங்கி வந்தாள். எங்கள் வயசு. எங்களை மாதிரியே கறுப்பு.

"நீங்க தமிழா?"

பெயர் புவனா. மலேசியாவில் நர்ஸ், தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னோம். மேனேஜரிடம் திரும்பி, என்னை மட்டும் எப்படிச் சேர்த்தாய் என்று கேட்டாள்.

"யூ ஆர் மலேசியன், மேடம். டிஃபரண்ட்."

புவனா அவனை விட்டுத் திரும்பினாள். பிறகு எங்களிடம் சொன்னாள்: "எங்க தாத்தாவோட அப்பா பூந்தமல்லி பக்கந்தான். ரப்பர்த் தோட்டத்துக்குப் போனாரு. அவரு கப்பல் ஏறாம இருந்திருந்தா, நானும் இப்ப உங்களோட வெளியதான் நின்னுருப்பேன்."

சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். ஐந்தே நிமிஷம். பையை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்து, சாவியை மேஜையில் வைத்தாள்.

"வாங்க, போவோம்."

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னோம். கேட்கவில்லை. அடுத்த தெருவில் டீக்கடை வைத்திருந்த ஒரு நேபாளி அம்மா எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்கவே இல்லை. கடைக்கு மேலே இருந்த அறையைக் காட்டி, மூன்று கம்பளி கொடுத்தார். நான்கு நாள் அங்கேதான் இருந்தோம். காலையில் ஜன்னலைத் திறந்தால் பனிமலை... மல்லிகா அதைப் பார்த்துக்கொண்டே அந்த மேனேஜரைத் திட்டுவாள். புவனா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

போன மாதம் என் மகள் சிநேகிதியோடு ஒரு மலை ஊருக்குக் கிளம்பினாள். நம் நாட்டிலேயேதான். டூரிஸ்டுகள் தங்குகிற ஹாஸ்டலில் கட்டில் புக் செய்து, பணமும் கட்டியாகிவிட்டது. ஆதாரை அனுப்பினதும் கேன்சல். இந்தியர்களை எடுப்பதில்லையாம்!

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "போன் நம்பர் குடு, நான் பேசறேன்" என்றேன்.

"நம்பரே இல்லம்மா, ஆப்தான். விடு, ரீஃபண்ட் வந்துருச்சு. வேற பாத்துக்கறேன்."

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள்... அன்றைக்குத் திட்டவாவது எதிரில் ஒரு முகம் இருந்தது. படியிறங்கி வர ஒருத்தி இருந்தாள். இப்போது யாரிடம் போய்க் கத்துவது?

ஆற்றமாட்டாமல் புவனாவுக்கு வாட்ஸப்பில் எல்லாவற்றையும் கொட்டினேன். மலேசியாவில், ஈப்போவில் பேரன் பேத்தியோடு இருக்கிறாள், முழங்கால் வலி வேறு. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"எந்த ஊருன்னு சொல்லு. வந்து வெளிய நிக்கறேன்."