மூன்று டயர்களைக் காணாத கேள்வி

கம்ப்யூட்டரிடம் கேள்வி கேட்டு, அது சொன்ன பதிலைக் கையால் எண்ணிச் சரிபார்ப்பதுதான் என் வேலை. இதில் மாட்டிக்கொண்ட மற்றவர்களுக்கு என் கண்ணெரிச்சல் புரியும்.

எங்கள் ஆபீஸ் பிரிக்பீல்ட்ஸில். கிடங்குச் சரக்கைப் பற்றிக் கேட்க ஒரு கேள்வி மொழியை, அதாவது கம்ப்யூட்டருக்குப் புரியும்படி கேள்வியை வரி வரியாக எழுதும் முறையை, எங்கள் புரோகிராமர் மாலா உருவாக்கினார். நான் படித்தது மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரைதான்; பழைய ஸ்டோர்கீப்பர் என்பதால் சோதிக்கும் வேலை கிடைத்தது. கிள்ளானில் ஒரு டயர் கிடங்கு மூன்று வாரம் பயன்படுத்திப் பார்க்கச் சம்மதித்தது. அவர்கள் வேண்டாம் என்றால் மாலாவின் இரண்டு வருட உழைப்பு வீண்.

ஏதோ தவறு

முதல் வாரம், கேள்வியை எழுதுவதில் எந்தப் பிழை செய்தாலும் திரையில் ‘ஏதோ தவறு’ என்று மட்டும்தான் வந்தது. இருபத்தேழு முறை வந்ததைக் குறித்து வைத்தேன். கிடங்கு சூப்பர்வைசர் நாதன் போன் செய்தார்.

“தப்புன்னு எனக்கே தெரியும் லா. எங்கன்னு சொல்லச் சொல்லுங்க.”

ஒன்பதாவது வரி

மாலா திருத்தினார். இனி எந்த வரியில் பிழை என்றும் காட்டும். நான் வேண்டுமென்றே பதினான்கு பிழை செய்தேன். பதினொன்றைச் சரியாகக் காட்டியது. மூன்றாவது வரியில் அடைப்புக்குறியை மூடாமல் விட்டதற்கோ, ஒன்பதாவது வரியைக் குற்றம் சொன்னது. ஏன் என்று மாலாவிடம் தயங்கிக் கேட்டேன்.

“அதுவரைக்கும் நீங்க மூடிருவீங்கன்னு நம்பிக் காத்திருந்துச்சுண்ணே.”

இரண்டு விநாடி

லோரி டயர் எத்தனை என்று கேட்டால் பதில் வர நான்கு நிமிடம் ஆனது. மாலா குறுக்குவழி ஒன்று வைத்தார்: முழுச் சரக்கையும் துழாவாமல், ரேக் பட்டியலிலிருந்து தேடும். இரண்டு விநாடியில் ‘38’ என்று வந்தது. ஆபீஸே கைதட்டியது.

நான் கிள்ளானுக்குப் போய் எண்ணினேன். நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினேன், அதேதான். மூன்று டயர்கள் படிக்கட்டுக்கு அடியில் கிடந்தன. அவற்றுக்கு ரேக் எண் இல்லை. அதனால் குறுக்குவழியின் கண்ணில் படவே இல்லை.

மறுநாள்தான் கிடங்கு முடிவு சொல்லும் நாள். எல்லோர் முன்னும் பேச எனக்கு வராது. ஒரு தாளில் எழுதி மாலாவின் மேசையில் வைத்தேன். அதைப் படித்ததும் குறுக்குவழியை எடுத்துவிட்டு நாதனுக்குப் போன் செய்தார். “பழையபடி நாலு நிமிஷம் ஆகும்ணே. ஆனா கணக்கு சரியா வரும்,” என்றார்.

ஸ்பீக்கரில் நாதன் சொன்னதை நானும் கேட்டேன்.

“நாலு நிமிஷம்தானே, ஒரு தே தாரேக் குடிச்சிட்டு வரேன். டயர் காணாமப் போனா நான்ல பதில் சொல்லணும். நாளைக்கு வாங்க, சைன் பண்றேன்.”

அடுத்த மாதம் ரேக் எண் இல்லாதவற்றையும் சேர்த்துத் தேடும்படி மாலா திருத்தி எழுத, அதே பழைய சரக்குப் பதிவில் சோதித்தபோது ஒன்பது விநாடியில் நாற்பத்தொன்று வந்தது. தவறான பதிலைவிடச் சரியான பதில் தாமதமாகும் அந்த ஏழு விநாடிக்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று நினைக்கிறேன்.