உச்சி வெயிலில் காட்டிய வீடு

ரேடியோ அக்கா என்றால் அந்தக் கட்டுமானக் கம்பெனியில் தெரியாதவர் இல்லை. வீடு விற்பது அவள் வேலை. வாயைத் திறந்தால் மூட மாட்டாள். ஆனால் பொய் சொல்லி ஒரு வீட்டையும் யார் தலையிலும் கட்டியதில்லை என்று மார்தட்டிக்கொள்வாள். அது முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசி என்னவென்றால், வீடு பார்க்க வருகிறவர்களை அவள் சாயங்காலம்தான் வரச் சொல்வாள். மதியம் போனால் சிமெண்ட் வீடு கொதிக்கும். அப்புறம் யார் வாங்குவது?

வருகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பாட்டுதான் பாடுவார்கள். "சுற்றுச்சூழலைக் கெடுக்காத பொருள்ல கட்டின வீடு இருக்கா?" இதை நம்பி அவள் முதலாளியை நச்சரித்தாள். அவரும் போனால் போகட்டும் என்று அப்போது கட்டிக்கொண்டிருந்த வரிசையின் கடைசி வீட்டை, சூளையில் சுடாமல் அழுத்திச் செய்த மண்கல்லில் கட்டினார். பெயிண்டுக்குப் பதில் சுண்ணாம்புப் பூச்சு. கேட்டவர்கள் எல்லோரும் வந்தார்கள், சுவரை விரலால் தட்டினார்கள், "மழையில கரைஞ்சிடாதே?" என்றார்கள். பிறகு பக்கத்து வீடுகளின் பளபள டைல்ஸைப் பார்த்து அவற்றையே வாங்கிக்கொண்டு போனார்கள். மனுஷ ஜென்மத்தை என்ன சொல்ல!

வரிசை முழுக்க விற்றுப்போய்விட்டது. கடைசி வீட்டை மட்டும் சீந்த ஆளில்லை.

"இந்த மாசம் பார்ப்பேன். போகலைன்னா டைல்ஸ் ஒட்டி, பெயிண்ட் அடிச்சுத் தள்ளிடுவேன். அடுத்த வரிசைக்கு இந்த விஷப்பரீட்சையே வேண்டாம்," என்றார் முதலாளி.

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் அவள் பேச்சைக் கேட்டு அவர் கட்டிய ஒரே வீடு அது. இனிமேல் அவள் பேச்சை யார் மதிப்பார்கள்?

அந்த வாரம் ஒரு பஸ் டிரைவரும் நர்ஸாக இருக்கும் அவர் மனைவியும் வந்தார்கள். வழக்கம்போல் சாயங்காலம். நர்ஸ் கொட்டாவி விட்டபடி சுற்றிப் பார்த்தாள். "எல்லா வீடும் ஒரே மாதிரிதான்கா இருக்கு. இதுல மண்கல் எதுக்கு?"

வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கும்போதுதான் அக்காவுக்கு மண்டையில் உறைத்தது. சாயங்காலக் காற்றில் எல்லா வீடும் ஒரே மாதிரிதானே இருக்கும்! மற்ற வீடுகளின் குறையை மறைத்த தந்திரம் இந்த வீட்டின் குணத்தையும் மறைத்துவிட்டது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். உடனே டிரைவருக்குப் போன் போட்டாள்.

"தம்பி, நாளைக்கு இன்னொரு தடவை வாங்க. மதியம், வெயில் கொளுத்தும்போது வாங்க."

"வெயில்லயா? நல்லா இருக்கே கதை! அவளுக்கு நைட் டியூட்டிக்கா. பகல்லதான் தூங்கணும். எங்க தகரக் கூரைக்குக் கீழ அதுவும் முடியல."

"அப்படின்னா கட்டாயம் கூட்டிட்டு வாங்க."

வந்தார்கள். சாவி இன்னும் கைமாறாத பக்கத்து வீட்டை முதலில் காட்டினாள். நர்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே ஓடி வந்தாள். அப்புறம் மண்கல் வீடு. அக்கா அதிசயமாக வாயை மூடிக்கொண்டாள். நர்ஸ் சில்லென்றிருந்த உள்ளறைச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள்; அப்படியே சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"பெயிண்ட் வாடையே இல்லையே. இதையே எடுத்துக்கலாங்க," என்றாள் கணவனிடம்.

அவருக்கு மழைக் கவலை தீரவில்லை. அக்கா அவரை வெளியே அழைத்துப் போய் நீட்டிவிட்ட கூரை விளிம்பைக் காட்டினாள். "கொஞ்சம் சிமெண்ட் கலந்து அழுத்தின கல்லு தம்பி, கரையாது. சாரலும் சுவர்ல படாது."

திரும்பி வந்தபோது நர்ஸ் கைப்பையைத் தலைக்கு வைத்து, வெறுந்தரையில் தூங்கிக்கொண்டிருந்தாள். டிரைவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "பகல்ல இவ இப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லக்கா," என்றார். அக்காவுக்குக் கண் கலங்கியது.

அந்த நேரம் பார்த்து முதலாளி போனில் கூப்பிட்டார். அவள் பூனைபோல் முற்றத்துக்கு நடந்தாள்.

"அடுத்த வரிசைக்கும் மண்கல்லே சொல்லிடுங்க சார்."

"வித்துடுச்சா! அதை ஏம்மா இப்படிக் கிசுகிசுன்னு சொல்ற?"

"வீட்டுக்காரம்மா தூங்கறாங்க சார்."