முப்பத்தெட்டாம் கல்லும் முப்பத்தேழாம் கல்லும்

1. கல்

வண்டியின் மீட்டர் வேகத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க ஒரு நேரான சாலை, இரண்டு கிலோமீட்டர் கல், ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். ஊசியை அறுபதில் அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் போக வேண்டும். அறுபது வினாடி ஆனால் மீட்டர் சரி. கூடுதலாக ஆனால், இல்லாத வேகத்தை மீட்டர் காட்டுகிறது. குறைவாக ஆனால், இருக்கிற வேகத்தை மறைக்கிறது. இந்தத் தொழிலின் கணக்கு மொத்தமும் இவ்வளவுதான். இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தவள்தான்.

ஓசூரில் கிருஷ்ணகிரி ரோட்டின் மேல் பாய் மீட்டர் கடை வைத்திருந்தார். பெயர் கரீம், எல்லோருக்கும் பாய். அவரிடம் சேர்வதற்கு முன் ஒன்பது வருடம் டாஷ்போர்டு மீட்டர் செய்கிற ஒரு கம்பெனியில் லைனில் நின்றேன். அங்கே வண்டி கிடையாது, ரோடு கிடையாது. பெஞ்சில் உட்கார்த்திய மீட்டருக்கு, சக்கரம் சுற்றுகிற மாதிரி மெஷின் பல்ஸ் அனுப்பும். ஊசி எழும். நான் பார்ப்பேன். ஊசி விழும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் எத்தனையோ முறை நூறு கிலோமீட்டர் வேகத்தில் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறேன். வெளியே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கடையில் முதல் நாள் பாய் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். பேரண்டப்பள்ளி தாண்டி ஓரங்கட்டினார்.

"ஸ்டெல்லாம்மா, இது கிருஷ்ணகிரி முப்பத்தெட்டு. நேரா போனா முப்பத்தேழு. நடுவுல மேடு இல்ல, பள்ளம் இல்ல, சிக்னல் இல்ல. மாடு வந்தா மட்டும் நம்ம நேரம்."

"கல்லு கரெக்டா இருக்குமா பாய்?"

"ஏம்மா, கல்லு என்ன எந்திரிச்சு நடந்தா போயிடும்?"

இருவரும் சிரித்தோம். லாரிகள் எங்களை உரசிக்கொண்டு போயின. பூமியில் நட்ட ஒரு பொருளின் மேல் எனக்கு அன்று வந்த நம்பிக்கை, அதற்கு முன் எந்த மெஷின் மேலும் வந்ததில்லை.

2. பல்ஸ் நம்பர்

திம்மராயன் எங்களுக்கு வாடிக்கை. சூளகிரிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஏழு பெண்களைத் தன் வேனில் ஏற்றி, ஜூஜுவாடிப் பக்கம் இருக்கிற ஒரு கம்பெனியில் முதல் ஷிஃப்டுக்கு இறக்கிவிடுவார். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவர் என்னை அக்கா என்பார். நான் அவரை அண்ணா என்பேன். எங்கள் ஊரில் மரியாதைக்கு வயது பார்ப்பதில்லை. வீட்டில் தெலுங்கு, அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றிலும் மெதுவாகவே பேசுவார். அந்த ரோட்டிலேயே நிதானமான டிரைவர் என்று பெயர்.

அவர் வேனில் மீட்டர் போர்டு எரிந்துபோய், புது மீட்டர் போட்டோம். சக்கரம் சுற்றச் சுற்ற சென்சாரிலிருந்து மீட்டருக்குப் பல்ஸ் போகும். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை பல்ஸ் என்று ஒரு நம்பர் மீட்டருக்குள் இருக்கும். அந்த நம்பரை மாற்றினால் ஊசி ஏறும், இறங்கும்.

புது மீட்டரோடு கல்லுக்குப் போனோம். ஊசி அறுபதில் நின்றது. கல்லுக்குக் கல் அறுபத்தேழு வினாடி ஆனது. அதாவது என் கணக்கில் வண்டி ஐம்பத்துநாலில்தான் போகிறது.

"கூடக் காட்டுதுண்ணா."

"அப்படி இருக்கலாமாக்கா?"

"இருக்கலாம். கம்பெனியிலயே கொஞ்சம் கூட வச்சுத்தான் அனுப்புவாங்க. கூடக் காட்டலாம், கொறைச்சுக் காட்டக் கூடாது. அதான் ரூல்."

"கூட காட்டுனா நான் ஊர்ந்துகிட்டே போவணும். பொண்ணுங்க லேட்டாயிட்டா கேட்டுல நிக்க வெச்சுடறாங்க. கரெக்டா வெச்சு குடுங்கக்கா."

கரெக்டாக வைத்துக் கொடுத்தேன். நம்பரை மாற்றி மாற்றி, நாலாவது ஓட்டத்தில் அறுபதுக்கு அறுபது வினாடி வந்தது. பின்னம்கூட இல்லை. அன்று எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

3. சான்று

இரண்டு வருடம் கழித்து, மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் திம்மராயன் கடைக்கு வந்தார். கையில் கம்பெனி டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் கொடுத்த எச்சரிக்கைக் கடிதம். அது இரண்டாவது. எல்லா வேன்களிலும் புதிதாக ஜிபிஎஸ் மாட்டியிருந்தார்கள். அறுபதைத் தாண்டினால் எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கை வந்தால் வண்டியை ரூட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். வேறு கம்பெனியிலும் சேர்க்கமாட்டார்கள். டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ்கள் எல்லோரும் ஒரே வாட்ஸப் குரூப்பில் இருக்கிறார்கள்.

"அறுபத்தஞ்சுல போறன்னு எழுதியிருக்கறாங்க அக்கா. சத்தியமா அறுபதத் தாண்டலை. ஊசியையே பாத்துகிட்டு ஓட்டறன். மீட்டர ஒரு தடவ செக் பண்ணிக் குடுங்க."

மறுபடியும் அதே கல். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊசி அறுபதில் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஸ்டாப்வாட்ச் அறுபது வினாடி என்றது. அவர் தன் போனில் வேகம் காட்டுகிற ஆப் ஒன்றைப் போட்டு டாஷ்போர்டில் சாய்த்து வைத்திருந்தார்.

"அக்கா, போன்லயும் அறுபத்தஞ்சு காட்டுது பாருங்க."

நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன சொன்னேன் என்பதை எழுதத்தான் இந்தக் குறிப்பே.

"போன் சாட்டிலைட்ட வச்சு மேலருந்து பாக்குதுண்ணா. மழை மேகம், பாலம் எல்லாம் குறுக்க வரும். கல்லு தரையில நட்டது."

கடை லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தேன். வேகமானி பரிசோதிக்கப்பட்டது, அறுபது கிலோமீட்டரில் பிழை இல்லை. கீழே என் கையெழுத்து, கடை முத்திரை. திம்மராயன் அதை பிளாஸ்டிக் கவரில் போட்டு, சட்டைக்குள் வைத்து, நனையாமல் கொண்டுபோனார். தன்னைக் காப்பாற்றும் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாங்கள் இருவரும் யோசிக்காததை இன்சார்ஜ் யோசித்தார். அங்கே இன்சார்ஜ் கேட்டதைப் பின்னால் திம்மராயன் போனில் சொன்னார்.

"மீட்டர் கரெக்ட்னு நீயே எழுதி வாங்கிட்டு வந்திருக்கற. அப்ப ஜிபிஎஸ் அறுபத்தஞ்சு காட்டறப்ப உன் மீட்டரும் அறுபத்தஞ்சுதான் காட்டியிருக்கும். பாத்துகிட்டேதான் மிதிச்சிருக்கற. இவ்ளோ நாளும் எங்கிட்ட பொய்தான் சொல்லியிருக்கற?"

அந்தக் காகிதத்துக்கு வேறு பொருளே கிடையாது. அது அவரைப் பொய்யன் என்றது. அதில் இருந்தது என் கையெழுத்து.

பத்து நாளில் மூன்றாவது எச்சரிக்கை வந்தது. வேனை எடுத்துவிட்டார்கள்.

4. பெயிண்ட்

அடுத்த கோடையில் ஒரு டெம்போவைச் சோதிக்கக் கல்லுக்குப் போயிருந்தேன். முப்பத்தேழாம் கல்லின் முன்னால் ஒருவர் குந்தி உட்கார்ந்து புது வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். கல்லின் தலையில் மஞ்சள் இன்னும் காயவில்லை. டெம்போக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"வருசா வருசம் அடிப்பீங்களாண்ணா?"

"எங்க அடிக்கறாங்க. இந்தக் கல்ல நட்டப்ப அடிச்சது. அதோட இப்பதான்."

"நட்டப்பன்னா?"

அவர் பிரஷை நீட்டி, பின்னால் ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற சிறு பாலத்தைக் காட்டினார். "முன்ன அங்க இருந்துச்சுங்க, ஆ மோரிகிட்ட. மோரிய அகலம் பண்ணப்ப புடுங்கிப் போட்டாங்க. திரும்ப நட வந்தா அங்க தண்ணி நிக்குது. மேஸ்திரி, சும்மா தள்ளி நடு, யார் இத அளந்து பாக்கப் போறான்னாரு. இங்க நட்டுட்டோம்."

"எப்ப?"

"ஆச்சு, மூணு மூணரை வருசம்."

திம்மராயனுக்குப் புது மீட்டர் போட்டது அதற்கு அப்புறம்.

டெம்போவை அனுப்பிவிட்டேன். மறுநாள் முப்பது மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பெயிண்ட்காரரே ஒரு முனையைப் பிடித்தார். வெயிலில் சாலை ஓரத்தில் குனிந்து குனிந்து முப்பத்தெட்டிலிருந்து முப்பத்தேழு வரை அளந்தோம். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முப்பத்துமூன்று முழு டேப், மேலே ஒரு பத்து மீட்டர். அத்தோடு கிலோமீட்டர் முடிந்திருக்க வேண்டும். முடிந்த இடத்தில் வெறும் புல். கல் இன்னும் தூரத்தில் பளிச்சென்று நின்றது. கல்லை எட்டும்போது முப்பத்தாறு முழு டேப்பும் பத்து மீட்டரும். ஆயிரத்துத் தொண்ணூறு.

ஆயிரத்துத் தொண்ணூறு மீட்டரை அறுபது வினாடியில் கடந்தால் வேகம் அறுபத்தைந்து. பேனா தேவைப்படவில்லை. ஜிபிஎஸ் சொன்னதும் அதுதான், போன் சொன்னதும் அதுதான். கம்பெனியிலிருந்து வந்தபோது மீட்டர் சரியாகத்தான் இருந்தது. அதைத் திருத்திக் கெடுத்தது நான்.

"என்னங்க, எதுனா தப்பா?" என்றார் பெயிண்ட்காரர், டேப்பைச் சுருட்டிக்கொண்டே.

"இல்லண்ணா. நீங்க அடிங்க."

5. திருப்பி வாங்குதல்

பாய் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு, "எத்தன வண்டி?" என்றார். சோதனை நோட்டை அவர் முன்னால் வைத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டி, பாதியில் மூடிவிட்டார்.

"எல்லாரையும் கூப்புடு. ஃப்ரீ சர்வீஸ்னு சொல்லு. ஏன்னு சொல்லாத."

"திம்மராயனுக்கு?"

"அவனுக்கு நீ என்னா சொன்னாலும் வேன் திரும்பி வருமா, ஸ்டெல்லாம்மா?"

அவர் கெட்டவர் இல்லை. கடையை நம்பி நாலு வீடு இருந்தது. அதில் என் வீடும் ஒன்று. கூப்பிட்டேன். ஏனென்று சொல்லவில்லை. வந்த வண்டிகளுக்கெல்லாம் நம்பரைத் திருப்பி வைத்தேன். சிலர் போனை எடுக்கவில்லை. சில வண்டிகள் கை மாறி எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. அவை இன்றும் எங்கேயோ ஐந்து கிலோமீட்டரை மறைத்துக்கொண்டு ஓடுகின்றன.

ஒரு கடிதம் மட்டும் பாய்க்குத் தெரியாமல் எழுதினேன். முந்தைய சான்று தவறு, தவறு எங்களுடையது, டிரைவர் பொய் சொல்லவில்லை. அதை எடுத்துக்கொண்டு நானே ஜூஜுவாடிக்குப் போனேன். டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் கன்னடக்காரர். மரியாதையாக நாற்காலி போட்டார். இரண்டு தடவை படித்தார்.

"நோடி மேடம், அன்னிக்கு கரெக்ட்னு நீங்கதான் எழுதினீங்க. இன்னிக்கு தப்புன்னும் நீங்கதான் எழுதறீங்க. நான் எதை ஃபைல்ல வைக்கறது?"

"ரெண்டையும் வைங்க சார். டேப் வச்சு அளந்திருக்கேன்."

"வைக்கறேன். ஆனா அவரு ரூட்டுக்கு வேற வண்டி போட்டாச்சு. அதுவும் இல்லாம அவரே ஒத்துகிட்டாரு மேடம்." ஃபைலைத் திருப்பிக் காட்டினார். திம்மராயன் கையெழுத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம். வேகமாக ஓட்டியது உண்மை, இனி ஓட்டமாட்டேன், இன்னொரு வாய்ப்புத் தர வேண்டும். வாய்ப்புத் தரவில்லை. கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

திம்மராயன் வேனை விற்றுவிட்டு, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். சீசன் நேரம். கேட்டுக்கு வெளியே மாங்காய் டிராக்டர்கள் வரிசையாக நின்றன. காற்றே புளித்துக் கிடந்தது. தோளில் துண்டோடு வெளியே வந்தார்.

கல் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏண்ணா ஒத்துகிட்டு எழுதிக் குடுத்தீங்க?"

"நீங்க மீட்டர் சரின்னுட்டீங்க. அவங்க ஜிபிஎஸ் சரின்னாங்க. ரெண்டும் சரின்னா எங்கண்ணுதான தப்பா இருக்கணும்? ஊசி அறுபத்தஞ்சுல இருந்திருக்கும், நாம அறுபதுன்னு பாத்திருக்கறோம்னு நெனச்சுகிட்டன். போவப் போவ ஊசி அறுபத்தஞ்சுல நின்னதே ஞாபகத்துக்கு வர ஆரம்பிச்சுடுச்சு. அப்பறந்தான் எழுதினன்."

"இல்லண்ணா. நீங்க பாத்தது அறுபதுதான்."

"அப்ப நான் பொய் சொல்லலை."

"இல்லை."

அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். துண்டை எடுத்துக் கைகளைத் துடைத்தார். மாம்பால் அவ்வளவு சீக்கிரம் போகாது.

"ஆனா நெஜமா போனது அறுபத்தஞ்சு?"

"ஆமாண்ணா."

"ரெண்டு வருசமும்?"

"ஆமா."

"ஏழு பொண்ணுங்க அக்கா. ஏறி உக்காந்ததும் தூங்கிடுவாங்க. அறுபதுக்கு மேல போவமாட்டன்னு ஒவ்வொரு வீட்டுலயும் போய் சொல்லித்தான் கூட்டிகிட்டு போனன்."

எதுவும் ஆகவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உள்ளேயிருந்து யாரோ அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். "வரன்க்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். பொய்யன் என்ற பேரை அவரிடமிருந்து எடுக்கப் போனேன். நிதானமான டிரைவர் என்ற பேரையும் சேர்த்து எடுத்துவிட்டு வந்தேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். உங்கள் அளவுக்கு எதிராக ஒரு மனிதர் வந்து நின்று, தான் பார்த்ததைச் சொன்னால், அவரை அளப்பதற்கு முன் உங்கள் கல்லை அளந்து பாருங்கள். டேப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க ஒரு காலைப்பொழுதுதான் ஆகும். நான் அந்தக் காலைப்பொழுதை ஒரு வருடம் தாமதமாகச் செலவழித்தேன்.

திம்மராயன் அதற்குப் பிறகு எந்த வண்டியையும் ஓட்டவில்லை. இரண்டு இடத்தில் கூப்பிட்டார்களாம். மாட்டேன் என்றுவிட்டாராம்.