பீர் மைதீனின் தாழ்ந்த ஜீப்

ஆலங்குளத்துச் சிமெண்டு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று தென்காசி சாலையில் கடந்து போனால் பீர் மைதீன் பேச்சைப் பாதியில் விட்டுவிடுவார். வாயில் இருக்கும் டீயைக்கூட விழுங்க மாட்டார். பட்டறை வாசலில் குந்தி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, தூரத்தில் போகும் லாரியின் பின்புறத்தையே பார்ப்பார். "எடது பக்கம் தொங்குது. ஸ்பிரிங்குல மெயின் பட்டை விட்டுருக்கும். சிவகிரி போறதுக்குள்ள படுத்துரும்" என்பார். அதன் பிறகுதான் டீ தொண்டைக்குள் இறங்கும். பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

மனிதர்களையும் அவருக்குப் பின்னாலிருந்து பார்த்துத்தான் பழக்கம். முகம் நினைவிருக்காது, நடை நினைவிருக்கும். "யாரு, வலது தோளு எறங்கி நடப்பாரே, அவரா?" என்று கேட்பார். கேட்கும்போது ஊருக்கே கேட்கும். முப்பது வருடமாகச் சம்மட்டிச் சத்தத்துக்குள் வாழ்ந்தவர். ஒரு காது பாதிதான் கேட்கிறது.

ராஜபாளையத்தில் லாரி வைத்திருப்பவர்களுக்கு அவருடைய ஸ்பிரிங் பட்டறையைத் தெரியாமல் இருக்காது. நாற்காலி ஒன்று உண்டு, வருகிறவர்களுக்கு. அவர் உட்காருவது கழித்துப் போட்ட பழைய பட்டைகளை அடுக்கி மேலே சாக்கு விரித்த மேடையில். பஞ்சாலைக்கு லோடு அடிக்கும் ராஜுக்கள் வந்து தெலுங்கில் அவசரப்படுத்தினால், அவரும் "ரேப்பு ரண்டி" என்று தெலுங்கிலேயே நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிடுவார்.

வருகிறவர்கள் அத்தனை பேரும் கேட்பது ஒன்றுதான்: வண்டியை உயர்த்த வேண்டும். பாரத்தில் அமுங்கிப்போன ஸ்பிரிங்கைக் கழற்றி, பட்டைகளைப் பிரித்து, வளைவு போனதை அடித்து வளைத்து, ஒன்றிரண்டு புதுப் பட்டை சேர்த்துக் கட்டி மாட்டினால், வண்டி நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். அப்போது பீர் மைதீன் அதன் பின்னால் குந்திப் பார்த்து, "இப்பம் ஆம்பள மாதிரி நிக்கி" என்பார்.

அவருடைய சொந்த ஜீப் மட்டும் அப்படி நிற்காது. பழைய பெட்ரோல் ஜீப். தரையோடு தரையாகப் போகும். வேகத்தடை வந்தால் அடிவயிறு உரசும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். "பாய், ஊரு வண்டிக்கெல்லாம் இடுப்பு கட்டி விடுறீய. ஒங்க வண்டி தவழ்ந்துல்ல போகுது" என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். "அதுக்கு அப்பிடித்தான் பிடிச்சிருக்கு" என்று சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

அது தாழ்ந்தது அவருடைய ஒரே மகள் அசீனாவுக்காக. சிறு வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இரண்டு கால்களையும் கொண்டுபோய்விட்டது. இரும்புக் கம்பி பிடித்த பூட்ஸும் கக்கத்துக் கட்டைகளுமாக நடப்பாள். படித்தாள், டைப்ரைட்டிங் தேறினாள். உடல் ஊனமுற்றோருக்கான ஒதுக்கீட்டில் தொண்ணூற்றொன்றில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் எஸ்.டி.டி. பூத் கிடைத்தது. மஞ்சள் பலகை, கண்ணாடிக் கூண்டு, மீட்டர், பில் அடிக்கும் சின்ன எந்திரம். துபாய்க்கும் ஜித்தாவுக்கும் பேச வருகிறவர்கள் கூண்டுக்குள் அழுதால், தலையைக் குனிந்துகொண்டு எதையாவது எழுதுவதுபோல் இருப்பாள்.

பஸ்ஸில் போனால் ஏற்றிவிடுகிறேன் என்று கண்டவர்களும் அவள் கக்கத்தில் கை கொடுத்தார்கள். அதற்காகத்தான் பீர் மைதீன் ஓர் எஸ்டேட்டில் கழித்துவிட்ட இந்த ஜீப்பை வாங்கினார். ஜீப்பின் இருக்கையும் உயரம்தான். காலையில் வீட்டு வாசலில் மகளை இரண்டு கைகளிலும் தூக்கி உட்காரவைப்பார். பூத் வாசலில் தூக்கி இறக்குவார். இருபத்திரண்டு வயதுப் பெண். பால்கோவா வாங்க வந்தவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்ப்பார்கள். ஒருநாள் யாரோ ஓர் அம்மாள், "பாவம், பச்சப்புள்ள கணக்கா சுமக்காரு" என்று இரக்கத்தோடுதான் சொன்னாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுத் தட்டில் அசீனா கை வைக்கவில்லை. தாய் நூர்பானு என்னவென்று கேட்டதற்கு, தகப்பனைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"அத்தா, இனிமே என்னையத் தூக்காதீய. பூத்து வேணாம். நான் வீட்டுலயே இருந்துக்கிடுதேன்."

வெள்ளிக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த பீர் மைதீன் வீட்டுக் கட்டிலின் கால்களுக்கு அடியில் செங்கல்களை அடுக்கினார். மகளைக் கட்டிலுக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னார். "உக்காரு பாப்பம்." அவளால் முடியவில்லை. நூர்பானு கட்டிலைத் தூக்கிப் பிடிக்க, அவர் ஒரு வரிசைக் கல்லை உருவினார். மறுபடியும் முடியவில்லை. மறுபடியும் உருவினார். கடைசியில் அசீனா யார் கையையும் பிடிக்காமல் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கிக் கட்டிலின் மேல் வைத்துக்கொண்டாள். பீர் மைதீன் கட்டிலின் பக்கத்தில் நின்று, அது தன் தொடையில் எங்கே வருகிறது என்று கையை வைத்துப் பார்த்தார். அவ்வளவுதான். அவருக்கு அளவு கிடைத்துவிட்டது.

வாழ்நாளெல்லாம் உயர்த்தியவர் முதல்முறையாக ஒரு வண்டியைத் தாழ்த்த உட்கார்ந்தார். உயர்த்துவதைவிட அது கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. பட்டைகளை வெறுமனே உருவினால் வண்டி தாழும், ஆனால் துவண்டுபோகும். பள்ளத்தில் விழுந்தால் இரும்போடு இரும்பு மோதும். அதனால் உருவியதுபோக மீதமிருந்த பட்டைகளின் வளைவை அடித்து அடித்துத் தட்டையாக்கினார். இடிதாங்கும் ரப்பர் கட்டைகளைப் பாதியாக அறுத்தார். மாட்டிப் பார்த்தார், போதவில்லை, மறுபடியும் கழற்றினார். வாடிக்கைக்காரர்களின் வேலையெல்லாம் கிடப்பில் கிடந்தது. கடைசியில் ஜீப் அவர் நினைத்த இடத்தில் வந்து நின்றது. பின்னால் குந்திப் பார்த்தவருக்கு, கன்றுக்குட்டி படுத்திருப்பதைப்போல இருந்தது.

நூர்பானு முதலில் ஏறிப் பார்த்தாள். மூட்டுவலிக்காரி. "இது எனக்கும் வசதியாத்தான் இருக்கு" என்றாள்.

"ஒசரத்தக் கொறச்சா தண்ணியில கிண்ணியில எறங்க முடியாது, பாத்துக்க" என்றார் பீர் மைதீன்.

"நாம என்ன காட்டுக்கா போறோம்? பூத்துக்கும் வீட்டுக்குந்தான."

மறுநாள் காலையில் அசீனா ஜீப்புக்கு முதுகு காட்டி நின்றாள். முன்கண்ணாடிச் சட்டத்தை ஒரு கையால் பிடித்தாள். பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். இடது கால், வலது கால். பிறகு கட்டைகளைத் தாயிடமிருந்து வாங்கி மடிமேல் வைத்துக்கொண்டு, "ஏறிட்டேன்த்தா" என்றாள். பீர் மைதீன் கையைக் கொண்டுபோகாமல் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கட்டிய கைகளை அவிழ்க்கச் சற்று நேரம் பிடித்தது.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே நன்றாகப் போயிற்று. அதன்பின் வந்த கார்த்திகையில் மழை விடாமல் அடித்தது. நூர்பானுவின் தம்பி பிச்சை முகம்மது செண்பகத்தோப்புப் பக்கம் தென்னந்தோப்பு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, குடும்பத்தோடு அங்கேயே இருந்தான். அவனுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. மழை சற்று ஓய்ந்த ஒரு காலையில் அசீனாவைப் பூத்தில் விட்டுவிட்டு, பீர் மைதீனும் நூர்பானுவும் பிள்ளையைப் பார்க்கப் போனார்கள். வழியில் குறுக்கிடும் ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான். மதியம் பிள்ளையை மடியில் வைத்திருந்த நூர்பானு, "இவன வாங்கிக்கோ, நெஞ்ச அடைக்கி" என்று தம்பியிடம் நீட்டினாள். அவள் முகம் வேர்த்துக் கொட்டியது.

அவளை ஜீப்பில் படுக்கவைத்து, பிச்சை முகம்மதுவையும் ஏற்றிக்கொண்டு பீர் மைதீன் ஓட்டி வந்தார். மலையில் பெய்த மழை அதற்குள் ஓடைக்கு வந்துவிட்டிருந்தது. இவர்களுக்கு முன்னால் வனத்துறை ஜீப் ஒன்று நின்றது. அதன் டிரைவர் ஐயாதுரை இறங்கித் தண்ணீரைப் பார்த்தார். பின்னால் திரும்பி, வரலாம் என்று கை காட்டிவிட்டு ஓட்டினார். தண்ணீரைப் பிளந்துகொண்டு அது அக்கரை ஏறி வளைவில் மறைந்தது. பீர் மைதீன் அதே தடத்தில் இறங்கினார். நடு ஓடையில் என்ஜினின் விசிறி தண்ணீரைத் தொட்டது. தொட்டதும் வாரி இறைத்தது. பானெட்டுக்குள் மழை பெய்வதைப்போல ஒரு சத்தம். என்ஜின் இரண்டு முறை இருமி நின்றுபோயிற்று.

பானெட்டைத் திறந்து, சட்டையைக் கழற்றி நனைந்த பிளக்குகளைத் துடைத்தார். ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடியும் துடைத்தார். பிறகு மனைவியைத் தூக்கிக்கொண்டு, பிச்சை முகம்மது தோளைப் பிடித்துக்கொள்ள, தொடையளவுத் தண்ணீரில் கரையேறினார். அக்கரையில் ஒரு டிராக்டர் வரும்வரை ஈர மணலில் அவளை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார்.

தண்ணீர் வடிந்தபின் ஜீப்பை இழுத்து வந்தார்கள். சேறு படிந்த கோட்டைப் பீர் மைதீன் பார்த்தார். விசிறியின் அடி இறக்கையில் கொஞ்சம்தான் அது ஏறியிருந்தது. உருவிப்போட்ட பட்டைகள் அதனதன் இடத்தில் இருந்திருந்தால் விசிறி தண்ணீரைத் தொட்டிருக்காது. இதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அன்றே மச்சினனைத் தனியே கூப்பிட்டார்.

"பிச்சை, முன்னால ஒரு ஜீப்பு போச்சுல்ல, அதை நீ பாக்கல."

அவன் சேறு படிந்த ஜீப்பைப் பார்த்துவிட்டு, "பாக்கல மச்சான்" என்றான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் போய் ஓய்ந்த பிறகு அசீனா கேட்டாள். "அத்தா, வண்டி பழைய ஒசரத்துல இருந்திருந்தா தாண்டியிருக்குமா?"

"தாண்டியிருக்காது தாயி. அம்புட்டுத் தண்ணிக்கு லாரியே நின்னிருக்கும்."

"நெசமாவா?"

"ஸ்பிரிங்கப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "அப்பம் சரி" என்றாள்.

அன்றிலிருந்து அந்த ஜீப்பை உயர்த்தும் உரிமை பீர் மைதீனுக்கு இல்லாமல் போயிற்று. அதன் அடியில் ஒரு பட்டையைச் சேர்த்தாலும் மகளுக்குப் பதில் தெரிந்துவிடும். எனக்காகத் தாழ்த்தியதால்தான் அம்மா போனாள் என்று அவள் ஒருமுறை நினைத்துவிட்டால், அந்த நினைப்பைக் கழற்றி எடுக்க எந்தப் பட்டறையிலும் முடியாது. அவளே ஒருதடவை, "வேணும்னா ஒசத்திருங்கத்தா, நான் எப்பிடியாச்சும் ஏறிக்கிடுதேன்" என்று சொல்லிப் பார்த்தாள். "எதுக்கு? நல்லாத்தான ஓடுது" என்றார். ஓடத்தான் செய்தது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் தெருவில் தேங்கிய தண்ணீரைக் கண்டால், சுற்றுவழி எத்தனை தூரமானாலும் அதில்தான் போவார். மகள் ஏனென்று கேட்டதில்லை. பட்டறையில் தனியாக இருக்கும்போது சில நாட்களில் ஜீப்பின் முன்னால் குந்துவார். மற்ற வண்டிகளைப் பின்னால் இருந்து பார்க்கிறவர் இதை மட்டும் முன்னால் இருந்து பார்ப்பார்.

சென்ற மாதம் ஒரு சாயங்காலம். மகளை அழைத்துப்போகப் பூத் வாசலில் ஜீப்பை நிறுத்தியபோது, உள்ளே காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் மதுரைக்குப் பேசி முடித்துவிட்டு பில்லுக்காக நின்றிருந்தார். ஜீப்பைப் பார்த்தார், இறங்கியவரைப் பார்த்தார். பீர் மைதீனுக்கு முகம் நினைவுக்கு வரவில்லை.

"பாய், செம்பகத்தோப்பு ஓடையில எனக்குப் பின்னால வந்தது நீங்கதான? நான் ஐயாதுரை. அந்த வாரமே கொடைக்கானலுக்கு மாத்திட்டாக. இப்பத்தான் திரும்ப வந்திருக்கேன். பொறவு கேள்விப்பட்டேன், வண்டி நின்னு போச்சுன்னு. என் ஜீப்பத் தண்ணி ஒண்ணும் பண்ணலையே, நீங்களும் வந்திருப்பீயன்னுல்ல போயிட்டேன். வண்டியில ஒரு அம்மா படுத்திருந்தாகளே, நல்லாயிருக்காகளா?"

பீர் மைதீன் கேட்கும் காதைத் தடவினார். கேட்காதவர்போல நிற்கப் பார்த்தார்.

அசீனா எந்திரத்திலிருந்து பில்லைக் கிழித்தாள். "இல்லண்ணே. அன்னைக்கே போயிட்டாக" என்றாள். ஐயாதுரை பில்லை வாங்கிக்கொண்டு பணத்தை எண்ணி வைத்தார். பிறகு தலையைக் குனிந்தபடி போய்விட்டார்.

அவள் மீட்டரை அணைத்தாள். கூண்டைப் பூட்டினாள். கட்டைகளை ஊன்றி வந்து ஜீப்புக்கு முதுகு காட்டி நின்றாள், உட்கார்ந்தாள், ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தாள். தகப்பன் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை. ஊர் எல்லையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் வேகத்தடைக்காக அவர் கியரைக் குறைத்தார். முன்சக்கரம் ஏறி இறங்கியது. அடிவயிறு கல்லில் நீளமாக உரசியது.

அசீனா கையை நீட்டி, கியர்த் தண்டைப் பிடித்திருந்த தகப்பனின் கைமேல் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. மேடு தாண்டிவிட்டது, சாலை நேராகிவிட்டது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போயிற்று. பீர் மைதீன் கியர் மாற்றவில்லை. வன்னியம்பட்டி விலக்கு தாண்டியும் ஜீப் இரண்டாம் கியரிலேயே முனகிக்கொண்டு ராஜபாளையத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.