அழுங்குக்குக் கிடைத்த பதினொரு நாள்

ஜெஸ்ஸி லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் பிறந்தவள். அப்பா பட்டறையில் ஃபிட்டர். ஐ.டி.ஐ.யில் வரைபடம் போடப் படித்துவிட்டு, பேகம்பேட்டில் ஸ்ரீனிவாசன் நடத்திய நில அளவை ஆபீசில் சேர்ந்தாள். மேசை வேலைக்குத்தான் எடுத்தார்கள். களத்தில் குறிப்பெடுக்கிறவர் காய்ச்சலில் படுத்துவிட, ஒரு நாள் மட்டும் போய் வா என்று அனுப்பினார்கள். அதன் பிறகு அவள் மேசைக்குத் திரும்பவே இல்லை.

அது தொண்ணூற்றேழாம் வருடம். கச்சிபௌலியில் அப்போது கட்டடம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. யாரோ அடுக்கிவைத்துவிட்டு மறந்துபோன மாதிரிப் பாறைகள், இடையிடையே சீத்தாப்பழப் புதர்கள், ஆள் உயரத்துக்குக் கறையான் புற்றுகள். அதே ஆபீஸ் சர்வேயர் நடேசன் அளவைக் கருவியில் கண்ணை வைத்துக் கோணம் சொல்வான். ஜெஸ்ஸி நோட்டில் எழுதுவாள். இருவரும் பேசிக்கொண்டது அநேகமாக டிகிரியும் நிமிடமும்தான்.

ஒரு பிப்ரவரிக் காலையில், பெரிய பாறை ஒன்றின் அடியில் வாளி வாய் அகலத்துக்கு ஒரு வளையைப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஏதோ ஒன்று ஈர மண்ணைத் தள்ளி வாசலை அடைத்திருந்தது. பக்கத்துப் புற்றின் இடுப்பில் யாரோ கடப்பாரை போட்டது போல ஒரு குழி.

நடேசன் குனிந்து பார்த்தான். "அழுங்கு. எறும்புத்தின்னின்னும் சொல்வாங்க. எங்க ஜவ்வாது மலைப் பக்கம் உண்டு. பகல் பூரா கதவைச் சாத்திட்டுத் தூங்கும்."

"நெஜமாவா? நான் பார்க்கணும்."

"இருட்டுற வரைக்கும் உட்காரணுமே. வீட்ல திட்ட மாட்டாங்களா?"

"திட்டட்டும். அதுக்காக இதை விட்டுட்டுப் போறதா? நக்கோ, முடியாது."

அன்று சாயங்காலம் எதிர்ப் பாறையில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெளிச்சம் மங்கியதும் அடைப்பு மண் அசைந்தது. முதலில் நீண்ட மூக்கு. காற்றை வெகுநேரம் மோந்துவிட்டு, பலாக்கொட்டை நிறத்தில் செதில் செதிலாக ஓர் உடம்பு வெளியே வந்தது. நகம் தேயாதிருக்க முன்கால் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு, கூடத்தில் எதையோ தேடும் முதியவரைப் போல் தயங்கித் தயங்கி நடந்தது. வால் தொடங்கும் இடத்தில், அதன்மேல் குப்புறப் படுத்து, ஒரு குட்டி இறுக்கிப் பிடித்திருந்தது. ஜெஸ்ஸி தன்னையறியாமல் நடேசனின் கையைப் பற்றினாள்.

தாய் புற்றருகே போய் நின்று மண்ணை வாரி வாரி இறைத்தது. பிறகு முகத்தைத் துளைக்குள் விட்டது. நாக்கு போய் வரும் வேகம்தான் தெரிந்தது. பல் கிடையாது, ஒட்டுகிற நாக்கு ஒன்றுதான் அதற்கு எல்லாம் என்றான் நடேசன். எங்கோ நாய் குரைத்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் தாய் குட்டியை வயிற்றுக்குள் வாங்கி உருண்டையாய்ச் சுருண்டது. பாறைகளோடு இன்னொரு பாறையாக, கால் மணி நேரம் அப்படியே கிடந்தது.

மறுநாள் ஆபீசில் செய்தி வந்தது. அளவு முடிந்ததும் அடுத்த திங்கள் புல்டோசர் இறங்கும்.

ஜெஸ்ஸி யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தாள். நோட்டில் ஒரே ஒரு கோணத்தை இரண்டு டிகிரி மாற்றி எழுதினாள். எல்லைக்கோடு கூடவில்லை, வரைபடம் வாய் பிளந்து நின்றது.

ஸ்ரீனிவாசன் நேராகக் களத்துக்கே வந்துவிட்டார். கோபக்காரர். வெயிலில் நின்று நோட்டைப் புரட்டினார்.

"ஏம்மா, ரெண்டு வருஷமா ஒரு எழுத்து தப்பா எழுதாதவ நீ. இது என்ன?"

"தெரிஞ்சுதான் எழுதினேன் சார்."

"என்னது?"

"சாயங்காலம் வரைக்கும் இருங்க சார். அதுக்கப்புறம் வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி."

அவர் ஏன் இருந்தார் என்பது ஜெஸ்ஸிக்கு இன்றும் புரியாதது. சட்டைக் கை மடிப்பை இறக்கிவிட்டு, கடிகாரத்தை ஏழெட்டுத் தடவை பார்த்துவிட்டு, பாறைமேல் உட்கார்ந்தார். மண் அசைந்தது, மூக்கு வந்தது, குட்டியைச் சுமந்த தாய் அவர் காலுக்குப் பத்தடி தூரத்தில் கடந்து போனது. ஜீப்பில் ஏறும்போதுதான் வாயைத் திறந்தார்.

"புல்டோசரை என்னால தடுக்க முடியாது. மறு அளவைன்னு எழுதித் தரேன். பதினஞ்சு நாள். அதுக்குமேல கேக்காதே. இன்னொரு தடவை நோட்டுல கை வச்சே, அவ்ளோதான்."

பதினோராம் நாள் மாலை தாயும் குட்டியும் வெளியே வந்து, புற்றுப் பக்கம் திரும்பாமல் மேற்கே பாறைச் சரிவில் ஏறின. அடுத்த நாள் வளை திறந்தே கிடந்தது. அதற்கடுத்த நாளும். இரை குறைந்தால் வீட்டை மாற்றிக்கொள்ளும், அப்படித்தான் இருக்கும் என்று நடேசன் சொன்னான். எங்கே போயிற்று, பிழைத்ததா, எதுவும் தெரியாது. சொன்ன கெடுவில் புல்டோசர் வந்தது.

அடுத்த வருடம் இரண்டு வீட்டாரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள, ஜெஸ்ஸியும் நடேசனும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். சாட்சிக் கையெழுத்து ஸ்ரீனிவாசன். பிறகு எத்தனையோ பாறைகளை அளந்தாள் ஜெஸ்ஸி. அவள் அளந்த இடமெல்லாம் கண்ணாடிக் கட்டடமாயிற்று. கொண்டாப்பூரில் ஏழாவது மாடியில் சொந்த வீடும் வந்தது. கம்பெனிப் பஸ்ஸில் கச்சிபௌலிக்குப் போகும் மகள் வர்ஷினி, "கம்மான் அம்மா, தட் வாஸ் யுவர் ஜாப்" என்பாள். வாஸ்தவம்தான். ஆனாலும் கச்சிபௌலி சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம், பாறை இருந்த திசையை ஜெஸ்ஸியின் கண் தானாகத் தேடும்.

போன பிப்ரவரியில், திருமண நாளுக்கு, இருவரும் விகாராபாத் மலைக்காட்டுக்குப் போனார்கள். பாதையோரம் ஒரு கறையான் புற்று, இடுப்பில் குழியோடு. கீறல்களில் மண் இன்னும் காயவில்லை. ஜெஸ்ஸி முழங்காலிட்டு விரல்களை அந்தக் கீறல்களில் வைத்துப் பார்த்தாள். நடேசன் தோள்பையை இறக்கி அதன்மேல் உட்கார்ந்தான்.

"இருட்டற வரைக்கும் இங்க விட மாட்டாங்க ஜெஸ்ஸி. அஞ்சரைக்கு கேட் மூடிடுவாங்க."

"ஹவ், ஆமா, தெரியும். இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

இருபது நிமிடமும் இருவரும் புற்றையே பார்த்திருந்தார்கள். எதுவும் வரவில்லை. காவலர் விசில் ஊதியதும் ஜெஸ்ஸி எழுந்து, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலே நடந்தாள்.